படத்தில் உள்ளோர்

பலமநேர் சாலைப் பிரிவு அலுவலகம்.
பின்கட்டில் ஒரு ஸ்கேனர், ஒரு மின்விசிறி.
படத்துக்கு நாலு ரூபாய்,
கையுறை அவர்களே தருகிறார்கள்.

குடியாத்தத்தில் ஆறரை மணி பஸ் பிடிப்பேன்.
பரதராமி தாண்டியதும் கண்டக்டர்
தெலுங்குக்கு மாறிவிடுவார்,
சில்லறை பாக்கி மட்டும் இரண்டு மொழியிலும் பாக்கி.

பெட்டியின் மேல் 'கணவாய்ச் சாலை, பழையது' என்று எழுதியிருக்கிறது.
முதல் அட்டையில் பூச்சி தின்ற ஒரு வளைவு.
அதே வளைவில்தான் இன்று காலை
முன்சீட்டுக்காரி ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டினாள்.
அப்போது தடுப்புச்சுவர் இல்லை,
வரிசையாக வெள்ளையடித்த கற்கள்,
நடுவில் ஒரு கல் இல்லை. எங்கே போனது,
எதோடு போனது, படம் சொல்லவில்லை.

படம் பதினான்கு. புளி மூட்டை வண்டிகள், ஒன்பது.
தலையாட்டிய மாடுகளுக்குத் தலையில்லை.
ஆட்டாமல் நின்ற கிழட்டு மாடு ஒன்றுக்கு
கொம்பு மணியில் விழுந்த வெயில் வரை தெரிகிறது.

படம் இருபத்திரண்டு. யுத்தக் காலத்துக் கரி பஸ்.
பின்னால் தவலை மாதிரி ஓர் அடுப்பு,
அதை ஊதிக்கொண்டிருக்கிற பையன்
பாதி பையன், பாதி புகை.
ஏற்றத்தில் எல்லோரும் இறங்கித் தள்ளுகிறார்கள்.
உள்ளே மூன்று பேர் இறங்கவில்லை.
இறங்காதவர்களின் முகம் நன்றாக விழுந்திருக்கிறது.

இருபத்தேழில் கவுண்டன்யா ஆறு, பாலம் போன வருஷம்.
இடுப்பளவு தண்ணீரில் ஒருவர்.
சைக்கிள் அவர்மேல் ஏறிப் போகிறது.
இதைப் பார்த்து நான் சிரித்தேன்.
வாட்ச்மேன் சையத் மஸ்தானும் வந்து சிரித்தார்,
'வாடகை சைக்கிளா இருக்கும்' என்றார்.

பிறகு முப்பத்தொன்று.

மலைப்பாதையில் நாற்காலி ஒன்று
அந்தரத்தில் நிற்கிறது.
அதில் தொப்பியும் பூட்சும் மீசையுமாக ஒருவர்,
சட்டைப் பித்தானை எண்ணலாம்.
நாற்காலிக்குக் கீழே மூடுபனி மாதிரி ஏதோ.
தரையில் எட்டுப் பாதம் இருக்க வேண்டும்,
மூன்றுதான் இருக்கிறது.
அந்த நொடியில் ஊன்றியவை மட்டும்.

அட்டையின் பின்னால் கட்டைப்பேனா மசி:
'ஏழாம் மைல். ஓவர்சீயர் தணிக்கைப் பயணம். நபர்: 1.'

கணினிப் படிவத்தில் 'நபர்கள்' என்று ஒரு கட்டம்,
எண் மட்டும்தான் ஏற்கும்.
ஐந்து என்று அடித்தேன்.
நாகபூஷணம் சார் எட்டிப் பார்த்தார்.
'வெனக்க ஏமுந்தோ அதே ராயம்மா' என்றார்.
பின்னால் உள்ளதைத்தான் எழுத வேண்டும்.
கோபமாகச் சொல்லவில்லை.
அவருக்கு இன்னும் பதினோரு பெட்டி,
மார்ச்சுக்குள்.

ஒன்று என்று திருத்தினேன்.
சாப்பாட்டு நேரத்தில் அவர் போனபின்
படத்தைப் பெரிதாக்கினேன்.
மீசை தாண்டி, பூட்சு தாண்டி, தண்டு வரை.
அங்கே கைகள்.
கால்கள் புகையாகிப் போனாலும்
தண்டைப் பிடித்த கைகள் அசையவே இல்லை.
குலுங்கினால் கூலி பிடிப்பார்களாக இருக்கும்,
அல்லது கீழே பள்ளம்.
நான்கு கை. நகமெல்லாம் தெளிவு.
முன்தண்டின் வலக்கையில்
சுண்டுவிரல் இல்லை.

யாருடையது என்று கேட்க
இந்தக் கட்டடத்தில் ஆளில்லை.
மஸ்தானைக் கேட்டிருந்தால்
ஒரு பேரும் ஒரு கதையும் உடனே தந்திருப்பார்,
அதனால் கேட்கவில்லை.

படிவத்தின் அடியில் 'பிற குறிப்பு', நாற்பது எழுத்து.
முன்தண்டு, வலக்கை, சுண்டுவிரல் இல்லை.
இடம் போதுமாக இருந்தது.
சேமி என்பதை அழுத்தினேன்.
நாலு ரூபாய்.

சாயங்கால பஸ்ஸில் உட்கார இடமில்லை.
முன்னால் தக்காளி லாரி, ஹாரனுக்கு அசையவில்லை.
ஏழாம் மைலில் இப்போது மைல்கல் இல்லை,
'யானைகள் கடக்கும் பகுதி' பலகை இருக்கிறது.
மேல்கம்பி முழுக்கக் கைகள்:
மருதாணி, கடிகாரம், தீப்பெட்டி மருந்து ஒட்டிய நகம்,
டிபன்பையைத் தொங்கவிட்ட என் கை.
எண்ணிக்கொண்டே வந்தேன்.
பதினேழில் டிரைவர் பிரேக் போட்டார்,
எல்லாம் கலைந்தது,
பின்னால் யாரோ தெலுங்கில் திட்ட
யாரோ தமிழில் சிரித்தார்கள்.
மறுபடி எண்ணவில்லை.